களைதலும் போர்த்தலும்
காஞ்சி நாட்டுத் தோட்டங்கள் உரைக்கும் வரலாறு

தை பிறந்து பனி குறையும் நாள்களில் காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த தோப்புகளிலும் தோட்டங்களிலும் ஒரே காட்சியைக் காணலாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையில் முழங்கால் அளவு வளர்ந்த புல்லும் பூண்டும் பழுத்துச் சாயத் தொடங்கும். மாமரத்தடியில் சருகு குவியும். வேலியோரம் கொடிகள் பின்னிக் கிடக்கும். மண்ணின் மேற்பரப்பு காய்ந்து வெளுத்திருந்தாலும், ஒரு சாண் ஆழம் தோண்டினால் ஈரம் கையில் ஒட்டும். அந்த ஈரத்தைச் சித்திரை வரை காப்பதும் மாசிக்குள்ளேயே இழப்பதும் அடுத்த சில வாரங்களில் நாம் செய்யும் வேலையைப் பொறுத்தவை. களையை அகற்ற வேண்டும். அகற்றிய களையையும் சருகையும் மண்ணின் மேலேயே பரப்பிப் போர்த்த வேண்டும். இதனை உழவர் ‘மூடாக்கு’ என்பர்.

இத்துணைச் சிறிய வேலைக்கு வரலாறு உண்டோ என்று நண்பர் சிலர் வினவுதல் கூடும். மன்னர்தம் போர்களையும் கோயில்களின் விமானங்களையும் விரித்துரைக்கும் நூல்களில் களைக்கொட்டுக்கும் கூடைக்கும் இடம் குறைவே. ஆயினும், ஆண்டுதோறும் துப்புரவு செய்து, அகற்றியதை மண்ணுக்கே திருப்பித் தரும் கடமையை ஊர் முழுவதும் சேர்ந்து சுமந்த நாடு காஞ்சி நாடு. அக்கடமை எவ்வாறு ஊரின் கையில் இருந்தது, எவ்வாறு அதன் கையைவிட்டு நழுவியது, அதன் சுமையைச் சுமந்தோர் யாவர் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இரு கடற்கரை, ஒரு கோடை

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்யும்; கோடை முழுவதும் வானம் வறண்டிருக்கும். ஒலிவமும் அத்தியும் திராட்சையும் இப்பருவத்துக்குப் பழகியவை. அங்குள்ள தோட்டக்காரர் மழைக்காலம் முடியும் தறுவாயில் களையெடுத்து, கிளை கழித்து, மரத்தடியைக் கொத்தி, எருவும் தழையும் இட்டுக் கோடையை எதிர்கொள்வர். காய்ந்த புல்லை அப்படியே விட்டுவிட்டால் கோடையில் தீப்பற்றும் அபாயமும் அங்கே உண்டு.

காஞ்சி நாட்டின் பருவம் இதனோடு முற்றும் ஒத்ததன்று. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாலை மழை நமக்கு உண்டு. எனினும் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள குளிர்ந்த மாதங்களில் பெய்துவிடுகிறது. அதன்பின் ஏறத்தாழ ஐந்து மாதம் மண் வானத்தை நம்பியிருக்க இயலாது. தன்னிடம் தங்கிய ஈரத்தைக் கொண்டே வாழ வேண்டும். மழை குளிரிலும் வறட்சி வெயிலிலும் வருவதால், இரு நாட்டுத் தோட்டக்காரருக்கும் ஒரே கேள்வி எழுகிறது: பெய்த நீரை மண்ணுக்குள் வைத்துக் காப்பது எப்படி?

அக்கேள்விக்கு அவர்கள் கண்ட விடைகளும் ஒத்திருத்தல் வியப்பன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையரான காட்டோ எழுதிய வேளாண் நூல், நிலத்துக்கு உரமாகும் பயிர்களுள் லூப்பின் என்னும் பயறுவகைச் செடியைக் குறிப்பிடுகிறது. ஸ்பெயின் நாட்டுக் காடிஸ் நகரில் பிறந்து, கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா, தம் பன்னிரண்டு பகுதி வேளாண் நூலில் அச்செடியை விதைத்து மடக்கி உழும் முறையை விளக்குகிறார். நம் உழவர் கொளுஞ்சியையும் சணப்பையும் தக்கைப்பூண்டையும் கொண்டு செய்வதும் இதுவே.

லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வரும் அத்திமர உவமை இந்நிலப் பின்னணியில் புதுப்பொருள் பெறுகிறது. மூன்று ஆண்டுகளாகக் கனி கொடாத மரத்தை வெட்டிவிடுமாறு உரிமையாளர் சொல்கிறார். தோட்டத் தொழிலாளியோ இன்னும் ஓர் ஆண்டு பொறுக்குமாறு வேண்டி, மரத்தைச் சுற்றிக் கொத்தி எருவிடுவதாகக் கூறுகிறார். இறையியல் வகுப்புகளில் இறைவனின் பொறுமையை விளக்க இவ்வுவமையை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். அத்தொழிலாளியின் தொழிலறிவை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அவர் கேட்டது வெறும் காலத்தவணை அன்று. ஒரு பருவச் சுற்று முழுவதும் செய்யவேண்டிய வேலைக்கான வாய்ப்பு. மரம் காய்க்காமைக்கு மரத்தை மட்டும் குற்றம் சொல்லாமல், அதன் அடிமண்ணை நோக்கிய பார்வை அவருடையது.

முறை வகுத்த காஞ்சி உரையாசிரியர்

அதே பார்வையைத் திருவள்ளுவரிடமும் காண்கிறோம். உழவு என்னும் அதிகாரத்தில், ஏர் ஓட்டுவதைவிட எருவிடுதல் சிறந்தது என்றும், களை நீக்கிய பின் நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காத்தல் சிறந்தது என்றும் அவர் உரைக்கிறார். புழுதியாக உழுத மண்ணைக் கால் பங்காகும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டா என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. மண்ணைக் காயவிடும் காலம் வேறு, மூடிக் காக்கும் காலம் வேறு என்பதை உழவர் அறிவர். வயலில் கோடை உழவுக்குப்பின் புழுதி காய்வது களையையும் புழுவையும் அழிக்கும்; மரங்கள் நிற்கும் தோட்டத்திலோ வேர் இருக்கும் மண்ணைக் காயவிடலாகாது.

எருவிடுதல் பற்றிய அக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் காஞ்சிபுரத்தவர் என்றும் உலகளந்த பெருமாள் கோயிலோடு தொடர்புடையவர் என்றும் மரபு கூறும். உழுதல், எருவிடல், களையெடுத்தல், நீர் பாய்ச்சல், காத்தல் என்னும் ஐந்தும் இம்முறைப்படியே வேண்டும் என்று அவர் உரையில் தெளிவுபடுத்துகிறார். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுவோர்க்கு அவ்வுரை இன்றும் பொருந்தும். களையெடுத்துவிட்டு மண்ணை வெறுமையாக விடுவோர் பாதி வேலையே செய்தவர் ஆவர்.

கல்லில் இடம்பெற்ற தோட்டம்

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இந்நாட்டு மண்ணின் வளத்தையும் மலர், கனிகளின் மிகுதியையும் குறித்துச் சென்றார். அவ்வளம் தானே அமைந்ததன்று. காஞ்சியைச் சுற்றி வற்றாத ஆறு கிடையாது. பாலாறும் வேகவதியும் மழைக்காலத்தில் சில வாரங்கள் ஓடி, பின் மணலாகக் கிடப்பவை. ஆகவே பல்லவரும் சோழரும் ஏரிகளை வெட்டினர். தொண்டை நாடு ஏரிகளின் நாடாயிற்று.

காஞ்சிக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உள்ள உத்திரமேரூரின் ஏரி, பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வயிரமேக தடாகம் என வழங்கிற்று. அவ்வூர்ச் சபை மண்டபத்தின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காக உலகப் புகழ் பெற்றவை. தேர்தலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவற்றை எடுத்துக்காட்டுவோர், அத்தேர்தல் எதற்காக நடந்தது என்பதை எண்ணுவதில்லை. ஊரின் முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்து முப்பது பேரைத் தெரிந்தனர். அவருள் முன்னரே அனுபவமும் கல்வியும் முதிர்ச்சியும் பெற்ற பன்னிருவர் ஆண்டு வாரியத்தில் அமர்ந்தனர். அடுத்த பன்னிருவர் தோட்ட வாரியம்; எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். ஆண்டு வாரியத்துக்குத் தகுதி பெற, முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவராய் இருத்தல் வேண்டும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தோட்டத்தையும் நீரையும் பேணிப் பழகாதவரிடம் ஊரின் பெரும்பொறுப்பை ஒப்படைக்க அவ்வூரார் விரும்பவில்லை.

பதவிக்காலம் 360 நாள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கொண்ட முழுச் சுற்று அது. பதவி முடிந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் பின்னர்க் குடவோலைக்குத் தகுதி இழந்தனர். தோட்ட வாரியத்தாரின் அன்றாட வேலைகளைக் கல்வெட்டு அடுக்கிச் சொல்லவில்லை. ஆயினும் தோட்டத்துக்கெனத் தனிக்குழுவும், அதற்கு ஓராண்டுக் காலமும், முடிவில் கணக்கும் வகுக்கப்பட்டிருத்தல் ஒன்றைத் தெளிவாக்குகிறது: தோட்டப் பராமரிப்பு அன்று தனியார் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று.

ஏரி பேணுதலுக்கும் அவ்வாறே வழி வகுத்தனர். ஏரிக்கென ‘ஏரி ஆயம்’ என்னும் வரி தண்டப்பட்டது. ‘ஏரிப்பட்டி’ என்னும் நிலம் ஒதுக்கப்பட்டது. ஓடம் விட்டு ஏரியின் மண்ணை எடுத்துக் கரையில் இடுவதற்கென்றே பொன்னும் நிலமும் கொடுத்தோரைத் தொண்டை மண்டலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. தூர்வாருதல் நிலத்தையும் வளர்த்தது. மேட்டிலிருந்து மழைநீர் அடித்துவந்த மென்மண்ணும் மக்கிய இலையும் சாணமும் ஏரியின் அடியில் வண்டலாகப் படியும். கோடையில் ஏரி வற்றியதும் உழவர் அதனை வண்டியிலேற்றி வயலிலும் தோட்டத்திலும் கொட்டிப் பரப்புவர். மணற்பாங்கான நிலம் வண்டல் சேர்ந்தால் நீரைப் பிடித்து வைக்கும். ஏரிக்குச் சுமையாய் இருந்தது வயலுக்கு உணவாயிற்று. களைதலும் போர்த்தலும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

நந்தவனமும் திருக்குளமும்

கோயில்களின் நகரான காஞ்சியில் தோட்டக்கலைக்கு மற்றொரு புகலிடம் நந்தவனம். நாள்தோறும் மாலைக்கு மலர் வேண்டும், கோடையிலும் வேண்டும். ஆகவே திருநந்தவனத்துக்கென நிலமும், அங்கு உழைப்போர்க்கு வாழ்வூதியமும் அளிக்கப்பட்டன. இராமாநுசரின் காலத்தவரான திருக்கச்சி நம்பிகள், பூவிருந்தவல்லியில் தோட்டம் அமைத்து மலர் பறித்துக் காஞ்சி வரதராசப் பெருமாளுக்குக் கொண்டுவந்தார் என்று வைணவ மரபு போற்றும். ஓர் அடியாரின் பெருமையைத் தோட்ட உழைப்போடு சேர்த்தே நினைவுகூர்ந்த அம்மரபு பாராட்டுக்குரியது. சாதிப்படி நிலையில் மேலோரல்லாத ஒருவராக அவர் நினைக்கப்படுவதும் நம் சிந்தனைக்கு உரியது.

அதே கோயிலின் அனந்தசரசு திருக்குளத்தில், அத்தி மரத்தால் ஆன வரதர் திருமேனி நீருக்குள் வைக்கப்பட்டுள்ளது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்து நீரை இறைத்து அதனை வெளியே எழுந்தருளச் செய்வர். 1979-இலும், பின்னர் 2019-இல் சூலை 1 முதல் ஆகத்து 17 வரை 48 நாள்களும் இவ்விழா நடந்தது. நாடெங்கிலுமிருந்து மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அவர்தம் நம்பிக்கையை மதிக்கும் நாம், அதன் ஓரத்தில் உள்ள ஓர் உண்மையையும் காண்கிறோம். ஒரு தலைமுறைக்கு ஒருமுறையேனும் அக்குளம் முழுதும் இறைக்கப்பட்டு, அதன் அடித்தளம் மனிதர் கண்ணில் படுகிறது. நம் ஊர்களில் எத்தனையோ குளங்களுக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை.

நெசவும் இத்தோட்டக் கதைக்குப் புறம்பானதன்று. காஞ்சிப் பட்டுக்கு வேண்டிய நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. அங்கே மல்பெரிச் செடியைக் கவாத்துச் செய்து, துளிர்த்த இலையைப் புழுவுக்கு இட்டு, புழு உண்டு கழித்ததையும் எஞ்சிய இலைக்காம்பையும் மீண்டும் எருவாகத் தோட்டத்துக்கே சேர்ப்பர். பிள்ளையார்பாளையத்துத் தறியில் ஏறும் ஒவ்வொரு பாவும், கழித்ததைத் திருப்பித் தரும் ஒரு தோட்டத்திலிருந்தே தொடங்குகிறது.

பங்கு போய்த் தண்டம் வந்தது

ஆர்க்காட்டு நவாபு 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமசு பர்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து விவரம் திரட்டினார். அவ்விவரங்களால் நாம் அறிவது யாதெனில், களத்தில் நெல்லைக் குவித்ததும் அரசுக்கும் உழவனுக்கும் பங்கு பிரிக்கும் முன்னரே ஊர்ப்பணிகளுக்கான பங்குகள் எடுத்துவைக்கப்பட்டன. அவற்றுள் ஏரிக்கும் ஒரு பங்கு இருந்தது. ஏரி ஓர் உறுப்பினரைப்போல் ஊரின் களத்தில் தன் பங்கைப் பெற்றது.

1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பு இந்நாட்டைக் குலைத்தது. காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் அவ்வாண்டு செப்டம்பர் 10-இல் கம்பெனிப்படை அழிந்ததை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். அப்போரில் சிதறி ஓடிய குடிகளையும், கேட்பாரற்ற ஏரிகளையும் அவை அத்துணை விரிவாகச் சொல்வதில்லை. 1794 முதல் 1798 வரை ஆட்சியராயிருந்த லயோனல் பிளேசு ஏரிகளைப் பழுது பார்ப்பதில் முனைந்தார். ஆனால் அவர் காலத்துக்குப்பின் வரிமுறை மாறியது. விளைச்சலில் பங்கு என்பது போய், தனித்தனி உழவன் அரசுக்குப் பணமாகச் செலுத்தும் இரயத்துவாரி முறை வேரூன்றிற்று. களத்திலே ஏரிக்கு இருந்த பங்கு மறைந்தது.

பங்கு மறைந்த பின்பும் வேலை மறையவில்லை. கரை உயர்த்தலும் வாய்க்கால் துப்புரவும் குடிமராமத்து என்னும் பெயரால் குடிகளின் கடமையாக நீடித்தன. 1858-இல் சென்னை மாகாணத்துக்கென இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், அவ்வழக்கப்படி உழைக்கத் தவறியோரிடம் தண்டம் வாங்க வழி செய்தது. தனக்குரியது என்று எண்ணிச் செய்த வேலையைச் சட்டத்துக்கு அஞ்சிச் செய்யும் நிலை வந்தது. நம் கருத்தில் சரிவின் வித்து இங்கேதான் விழுந்தது.

ஆயினும் பழங்காலம் முழுவதும் பொற்காலம் என்று நாம் சொல்லத் துணியோம். உத்திரமேரூரில் குடவோலையில் பெயர் எழுதப்பட, கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35-க்கும் 70-க்கும் இடைப்பட்ட அகவையும் வேண்டும். அது பிராமணர் ஊர்ச் சபை. ஏரிக்குள் இறங்கி மண் சுமந்தவர், வெயிலில் குனிந்து களை பறித்த பெண்கள் ஆகியோரின் பெயர் அந்த ஓலைகளில் இல்லை. ‘வெட்டி’ என்னும் சொல் கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறித்துக் கல்வெட்டுகளில் வருகிறது. ‘வெட்டி வேலை’ என்று பயனற்ற வேலையை இன்று நாம் இகழ்கிறோம். பயனற்றதன்று அவ்வேலை, ஊரை வாழவைத்த வேலையே அது. கூலி மறுக்கப்பட்டதால் அதன் பெயரும் இழிவாயிற்று. அண்மைக் காலத்திலும், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த நூறு நாள் வேலையில் தமிழகத்து ஏரி, குளங்களில் மண்வெட்டியும் கூடையும் ஏந்தியவருள் பெரும்பாலோர் பெண்களே.

உரமூட்டை வந்த பின்

1889-இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கில வேளாண் வேதியியலர் வோல்க்கர், 1893-இல் வெளியான தம் அறிக்கையில் நம் உழவரின் திறனைப் பாராட்டினார். சாணம் வயலுக்குச் செல்லாமல் அடுப்பில் எரிவதையும் அவர் கண்டார். அதற்கு உழவரின் அறியாமை காரணமன்று, விறகு கிடையாமையே காரணம் என்று உணர்த்தினார். பின்னர் ஆல்பர்ட் ஓவார்டு இந்தோரில் நம் உழவரிடமும் கற்று, பண்ணைக் கழிவை மட்கச் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தி, 1931-இல் யசுவந்த் வாடு என்பாருடன் சேர்ந்து நூலாக வெளியிட்டார். உலகின் இயற்கை வேளாண்மை இயக்கங்களுக்கு அது ஒரு தொடக்கமாயிற்று.

1960-களின் பிற்பகுதியிலிருந்து இரசாயன உரம் நம் ஊர்களில் பரவியது. பசி தீர்க்க அது உதவியதை மறுத்தல் நன்றியன்று. ஆனால் மூட்டையிலே சத்து வந்ததும் சருகும் வண்டலும் மதிப்பிழந்தன. ஆழ்குழாய்க் கிணறு வந்ததும் ஏரியின் நினைவு மங்கிற்று. வரத்துக்கால்கள் அடைபட்டன, ஏரியின் உள்வாயில் சீமைக்கருவேலமும் காட்டாமணக்கும் மண்டின. 2015-ஆம் ஆண்டு இறுதியில் பெருமழை கொட்டியபோது, தூர்வாரப்படாத கால்வாய்களும் ஆக்கிரமிக்கப்பட்ட நீர்வழிகளும் எத்தகைய துன்பத்தைத் தரும் என்பதைச் சென்னையும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டமும் கண்டன.

சருகின் கதியும் அவ்வாறே. போகியன்று பழையன கழிப்பது நல்வழக்கு. ஆயினும் கழித்தல் என்றால் கொளுத்துதல் என்று பொருள் கொண்டுவிட்டோம். 2018-இல் போகி நாளில் புகையும் பனியும் கலந்து சூழ்ந்ததால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைபட்டன. மழை முடிந்து கோடை தொடங்கும் முன், மண்ணுக்குப் போர்வை மிகத் தேவைப்படும் அதே வாரத்தில், நாம் அப்போர்வையை எரித்துவிடுகிறோம். நகராட்சிக் குப்பை வண்டியில் அனுப்புவதும் இதனின் பெரிதும் வேறன்று. ஒரு புறம் இலையை வெளியேற்றிவிட்டு, மறுபுறம் பணம் கொடுத்து உரமும் நீரும் வாங்குகிறோம்.

மாற்றத்தின் அறிகுறிகளும் இல்லாமலில்லை. 2013-இல் மறைந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார், ஊர் ஊராக நடந்து மூடாக்கின் பயனை எளிய சொற்களில் விளக்கினார். குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே அரசு 2017-இல் ஏரிப் பணிகளை மீண்டும் தொடங்கியது. ஏரி வண்டலை உழவர் விலையின்றி எடுத்துக்கொள்ளவும் அவ்வாண்டு வழி செய்யப்பட்டது.

போர்த்தும் முறை

வரலாறு கைவேலையாக மாறினால்தான் பயன். ஆகவே காஞ்சிப் பகுதித் தோட்டங்களுக்கு ஏற்ற முறையைச் சுருக்கமாகக் கூறுவோம்.

களையை அது விதை உதிர்க்கும் முன் அகற்றுதல் வேண்டும். தை முதல் வாரங்களே இதற்கு ஏற்றவை. விதை முற்றிய களையைப் பரப்பினால், போர்த்துவதாக எண்ணி விதைத்தவர் ஆவோம். களைக்கொட்டால் மேலாகக் கொத்தினால் போதும். மரத்தின் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே உள்ளன. நோயுற்ற கிளைகளையும் அழுகிய காய்களையும் பிரித்து அப்புறப்படுத்தல் வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போதே போர்த்த வேண்டும். காய்ந்துவிட்டால் முதலில் நீர் பாய்ச்சிவிட்டுப் போர்த்தல் நலம்.

களை, சருகு, வைக்கோல், புங்கம், பூவரசு, கிளைரிசிடியா முதலியவற்றின் தழை ஆகிய அனைத்தும் பயன்படும். பச்சையும் காய்ந்ததும் கலந்திருந்தால் விரைவில் மட்கும். ஏறத்தாழ நான்கு விரற்கடை உயரம் பரப்பலாம். தென்னைக்கு மரத்தைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் பரப்புவர். உரிமட்டையாயின் குவிந்த புறம் மேல்நோக்குமாறு நூறு மட்டைகளை அடுக்குவர். எம்மரமாயினும் அடிமரத்தை ஒட்டிக் குவிக்கலாகாது. ஒரு சாண் இடைவெளி விடாவிட்டால் பட்டை அழுகும், கறையான் ஏறும். கறையான் மிகுந்த இடத்தில் வேப்பம் புண்ணாக்கைத் தூவுவது வழக்கம். காய்ந்த வைக்கோலை மண்ணுக்குள் புதைப்பதைவிட மேலே பரப்புதல் நன்று. புதைத்தால் அது மட்கும்போது மண்ணின் தழைச்சத்தைச் சிலகாலம் தன்பால் இழுத்துக்கொள்ளும்.

இப்போர்வை வெயிலையும் காற்றையும் தடுத்து ஈரத்தைக் காக்கும். புதிய களை முளைக்க ஒளி தராது. மண்புழுவும் நுண்ணுயிரும் அதன் நிழலில் வாழும். கோடை மழை திடீரென அடித்தாலும் துளிகள் மண்ணைச் சிதறடிக்கமாட்டா. ஆடி மழை வருமுன் பெரும்பகுதி மட்கி மண்ணோடு மண்ணாகும். மறு தையில் மீண்டும் தொடங்க வேண்டும். ஒருமுறை செய்து முடித்துவிட்டோம் என்று சொல்ல இயலாத வேலை இது. உத்திரமேரூரார் 360 நாளுக்கு ஒருமுறை புதியோரைத் தெரிந்ததன் காரணமும் இதனால் விளங்கும்.

நாம் ஏற்கத்தக்கவை

திருச்சபையின் தவக்காலம் பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில் அமைகிறது. மனத்தின் களையைப் பற்றி மறையுரைகளில் பேசும் நாள்களிலேயே நம் ஆலய வளாகங்களிலும் பள்ளித் தோட்டங்களிலும் சருகு குவிக்கப்பட்டு எரிகிறது. விவிலியத்தின் அத்திமரமும் காஞ்சியின் அத்திமரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அங்கே ஒரு தொழிலாளி ஓராண்டுக் காலம் கேட்டுப் பெற்ற உழைப்பை, இங்கே நம் வளாகத்து மரங்களுக்குத் தர நமக்குத் தடை ஏதும் இல்லை.

ஒவ்வோர் ஊரிலும், பள்ளியிலும், பங்கிலும் தோட்டத்துக்கென ஆண்டுதோறும் சிலரை நியமித்து, ஆண்டு முடிவில் கணக்குக் கேட்கலாம். எத்தனை மரம் நட்டோம் என்பதைவிட, நட்டவற்றுள் எத்தனை கோடையைத் தாண்டின என்பதே அக்கணக்கின் முதல் வரியாக இருக்கட்டும். அருகிலுள்ள குளத்தின் வரத்துக்காலை மழைக்கு முன் ஒருமுறை நடந்து பார்த்துவரும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைக்கலாம்.

இதனோடு சேர்ந்த கடமை மற்றொன்று உண்டு. களை பறிப்பவர்க்கும், குளத்தில் இறங்குபவர்க்கும், தெருவில் சருகு கூட்டுபவர்க்கும் உரிய கூலியை உரிய நாளில் தருதல் வேண்டும். அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தல் வேண்டும். எந்த மரத்துக்கு எவ்வளவு போர்வை தேவை என்பதை அவர்களே நன்கறிவர். வாரியம் அமைக்கும்போது அவர்களையும் அதில் அமர்த்தினால், உத்திரமேரூரின் ஓலைகளில் விடுபட்ட பெயர்கள் நம் ஏட்டிலேனும் இடம்பெறும்.